தொண்டை அடைப்பான், இரண ஜன்னி: எதிர்ப்பொருள் மருந்து எதற்காக, எப்போது?

தொண்டை அடைப்பான் இருக்கலாம் என்ற ஐயத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு, ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே நச்சுமுறிவு மருந்து செலுத்த வேண்டும் என்று மருத்துவர் கூறுவார். மண்ணும் சாணமும் பட்ட ஆழமான காயத்துடன் வருபவருக்கு, வழக்கமான டி.டி. ஊசியுடன் மற்றோர் ஊசியும் தேவை என்பார். இவ்விரு மருந்துகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை. வேறோர் உடலில் உருவான எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுத்து நோயாளிக்குச் செலுத்துவதே இச்சிகிச்சை. இம்மருந்து என்ன செய்யும், எதைச் செய்ய இயலாது, இதில் காலதாமதம் ஏன் கூடாது என்பனவற்றை நோயாளிகளுக்கும் உடனிருந்து கவனிப்போருக்கும் இப்பக்கம் விளக்குகிறது.

எதிர்ப்பொருள் என்றால் என்ன?

நோய்க்கிருமியோ அதன் நச்சோ உடலுக்குள் நுழையும்போது, அதனை அடையாளங்கண்டு பற்றிக்கொள்வதற்காக நமது உடல் உருவாக்கும் புரதமே எதிர்ப்பொருள். ஆன்டிபாடி என்று மருத்துவமனைகளில் குறிப்பிடப்படுவதும் இதுவே. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய இலக்கை மட்டுமே பற்றும். தொண்டை அடைப்பான் நச்சுக்கு எதிரானது இரண ஜன்னிக்குப் பயன்படாது.

தடுப்பூசி போட்டுக்கொள்ளும்போது உங்கள் உடலே எதிர்ப்பொருள்களை உருவாக்கக் கற்றுக்கொள்கிறது. முதன்முறையாகத் தடுப்பூசி பெறுபவருக்கு அதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆனால் அப்பாதுகாப்பு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். எதிர்ப்பொருள் மருந்து இதற்கு நேர்மாறானது. செலுத்திய சில மணி நேரத்திலேயே வேலை செய்யத் தொடங்கும்; சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் உடலிலிருந்து மறைந்துவிடும். மனித எதிர்ப்பொருளின் அளவு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. குதிரையிலிருந்து பெறப்படுவது அதனினும் விரைவாக மறையும். இது கைமாற்றாகப் பெற்ற பாதுகாப்பு என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

இங்கு ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. காயம் பட்டவுடன் போடப்படும் டி.டி. ஊசி ஒரு தடுப்பூசி. அதில் எதிர்ப்பொருள் இல்லை. முன்பு தடுப்பூசி முறையாகப் போட்டுக்கொண்டவருக்கு அது பழைய நினைவைத் தட்டியெழுப்பி விரைவில் பலன் தரும். ஒருபோதும் போடாதவருக்கு அந்த ஒரே ஊசி இப்போதைய காயத்திலிருந்து பாதுகாப்பு அளிக்காது. "டி.டி. போட்டாயிற்று, இனிக் கவலையில்லை" என்று வீடு திரும்புவது இத்தகையவர்களுக்கு ஆபத்தானது.

நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து போதாதா?

பாக்டீரியாவால் வரும் பெரும்பாலான நோய்களுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தே போதுமானது. ஆனால் சில பாக்டீரியாக்கள் தாமாகப் பரவி உடலை அழிப்பதில்லை. தங்கிய இடத்திலேயே இருந்துகொண்டு நச்சினைச் சுரந்து இரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. தொண்டை அடைப்பானில் கிருமி பெரும்பாலும் தொண்டையிலேயே தங்கியிருக்கும். சேதமடைவது இதயமும் நரம்புகளும். இரண ஜன்னியில் கிருமி ஒரு சிறு காயத்திற்குள் அடங்கியிருக்கும். அதன் நச்சோ நரம்பின் வழியாகத் தண்டுவடத்தை அடையும். பென்சிலின் போன்ற மருந்துகள் கிருமியைக் கொன்று மேலும் நச்சு சுரக்காமல் தடுக்கும். ஏற்கெனவே சுரந்துவிட்ட நச்சினை அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது. அந்த இடைவெளியை நிரப்புவதே எதிர்ப்பொருளின் பணி.

இரத்தத்தில் திரியும் நச்சினை எதிர்ப்பொருள் பற்றிக்கொண்டால், அந்நச்சு உயிரணுக்களில் ஒட்ட முடியாமற்போகிறது. ஆனால் நச்சு உயிரணுவுக்குள் நுழைந்துவிட்டால் எதிர்ப்பொருளால் அதனைத் தொடர்ந்து செல்ல இயலாது. தொண்டை அடைப்பான் நச்சு, உயிரணுவுக்குள் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும் தன்மையுடையது; அதன் ஒரேயொரு மூலக்கூறு உள்ளே சென்றாலும் அந்த உயிரணு இறக்கக்கூடும் என்பது ஆய்வகச் சோதனைகளில் காட்டப்பட்டுள்ளது. ஆகவே இம்மருந்து நடந்துவிட்ட சேதத்தைச் சரிசெய்வதில்லை. இனி நிகழவிருக்கும் சேதத்தை மட்டுமே தடுக்கிறது. ஆய்வக முடிவுக்காகக் காத்திராமல் மருத்துவர் மருந்தைத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே. நோய் தொடங்கிய முதல் நாளில் மருந்து பெற்றவர்களிடையே இறப்பு மிகவும் அரிது. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடுகிறது.

தொண்டை அடைப்பான்: வீட்டில் கவனிக்க வேண்டியவை

கிருமி தொற்றிய 2 முதல் 5 நாட்களில் பொதுவாக அறிகுறிகள் தோன்றும். மிதமான காய்ச்சல், தொண்டை வலி, விழுங்குவதில் சிரமம், சோர்வு ஆகியவை சாதாரணத் தொண்டைப் புண்ணைப் போலவே தோன்றும். வேறுபடுத்திக் காட்டுவது, தொண்டையிலும் உள்நாக்கின் அருகிலும் படியும் சாம்பல் நிறப் படலம். அது அழுத்தமாக ஒட்டியிருக்கும். சுரண்டினால் இரத்தம் கசியும். விரலில் துணியைச் சுற்றியோ கரண்டியாலோ அதனை அகற்ற ஒருபோதும் முயலாதீர்கள். மூச்சுக்குழல் அடைபடவும் இரத்தம் கசியவும் அது வழிவகுக்கும்.

கழுத்து இருபுறமும் வீங்கிப் பருத்திருத்தல், குரல் கம்மிப்போதல், மூச்சு இழுக்கும்போது ஒலி எழுதல், மூக்கிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிதல் ஆகியவை கடுமையான நோயின் அடையாளங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம்.

நச்சுமுறிவு மருந்து எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பில் இருப்பதில்லை. தடுப்பூசியால் இந்நோய் வெகுவாகக் குறைந்ததால் இதனைத் தயாரிக்கும் நிறுவனங்களும் உலக அளவில் குறைந்துவிட்டன. எனவே குழந்தையை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தொற்றுநோய் மருத்துவமனைக்கோ மாற்ற வேண்டியிருக்கலாம். "காலை வரை இங்கேயே பார்க்கலாமே" என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. ஆயினும் இந்நோயில் அந்த ஓர் இரவு மிகப் பெரிது. மாற்றுமாறு மருத்துவர் கூறினால் உடனே புறப்படுங்கள்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

முதலில் தொண்டையிலிருந்து மாதிரி எடுப்பார்கள். இதற்கு முன் குதிரைச் சீரம் செலுத்தப்பட்டதா, ஆஸ்துமா அல்லது ஒவ்வாமை உண்டா என்று கேட்பார்கள். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து எப்போதேனும் பெற்றிருந்தால் அதைத் தவறாமல் கூறுங்கள்; அதுவும் குதிரையிலிருந்து பெறப்படுவதே. பின்னர் மருந்தை மிகவும் நீர்த்த நிலையில் சிறிதளவு செலுத்தி, ஒவ்வாமை தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள். தடிப்பு தோன்றினாலும் சிகிச்சை கைவிடப்படுவதில்லை. மிகச் சிறிய அளவிலிருந்து படிப்படியாக உயர்த்திச் செலுத்தும் முறை உள்ளது.

மருந்தின் அளவைக் கேட்டுப் பெற்றோர் அதிர்ச்சியடைவதுண்டு. தொண்டையில் மட்டும் படலம் இருந்து, நோய் தொடங்கி இரண்டு நாட்களுக்குள் வந்தவருக்கு 20,000 முதல் 40,000 அலகு வரை தேவைப்படலாம். மூன்று நாட்களுக்கு மேலாகிவிட்டாலோ கழுத்து வீங்கியிருந்தாலோ 80,000 அலகுக்கு மேலும் செலுத்தப்படலாம். இங்குக் குழந்தைக்கென்று குறைத்த அளவு கிடையாது. உடலில் எவ்வளவு நச்சு பரவியிருக்கும் என்பதைக் கணித்தே அளவு முடிவு செய்யப்படுகிறது; குழந்தையின் எடை கணக்கில் வருவதில்லை. கடுமையான நிலையில் மருந்தை நீர்மத்தில் கலந்து நரம்பு வழியாக மெதுவாக ஏற்றுவார்கள். உடன் 14 நாட்களுக்குப் பென்சிலின் அல்லது எரித்ரோமைசின் போன்ற மருந்தும் தரப்படும். கிருமி நீங்கியது பரிசோதனையில் உறுதியாகும் வரை நோயாளி தனி அறையில் வைக்கப்படுவார்.

காய்ச்சல் தணிந்து, படலமும் உதிர்ந்தபின் குழந்தை எழுந்து விளையாட விரும்பும். பெற்றோர் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம் அதுதான். மருந்து செலுத்துவதற்கு முன்பே இதயத் தசைக்குள் புகுந்துவிட்ட நச்சு, தொண்டை தெளிவாகத் தோன்றும் இரண்டாம் வாரத்திலும் இதயத் துடிப்பைச் சீர்குலைக்கக்கூடும். எனவேதான் நலமாகத் தோன்றும் குழந்தைக்கும் மீண்டும் மீண்டும் இ.சி.ஜி. எடுக்கப்படுகிறது, படுக்கையில் ஓய்வு கட்டாயமாக்கப்படுகிறது. வீடு திரும்பியபின் குடிக்கும் நீர் மூக்கு வழியாக வருதல், பேச்சு மூக்கால் ஒலித்தல், பார்வை மங்குதல், கை கால் தளர்தல் போன்றவை சில வாரங்கள் கழித்தும் தோன்றலாம். இவை நரம்புப் பாதிப்பின் அறிகுறிகள். பெரும்பாலும் காலப்போக்கில் சீராகிவிடும். ஆனால் விழுங்குதலும் மூச்சும் பாதிக்கப்படக்கூடும் என்பதால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நோய் வந்து குணமானவருக்கும் தடுப்பூசி தேவை. இந்நோய் ஒருமுறை வந்துபோவது நிலையான எதிர்ப்பாற்றலை உறுதி செய்வதில்லை. வீட்டில் உடனிருந்தவர்களுக்குப் பொதுவாக நச்சுமுறிவு மருந்து தரப்படுவதில்லை. அவர்களுக்குத் தொண்டை மாதிரிப் பரிசோதனை, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, விடுபட்ட தடுப்பூசி ஆகியவையே போதுமானவை. சுகாதாரப் பணியாளர்கள் உங்கள் வீட்டிற்கும் பள்ளிக்கும் வந்து விசாரிப்பது இதற்காகவே. அவர்களுக்கு ஒத்துழைப்பு தாருங்கள்.

குதிரையிலிருந்து ஏன்? பக்க விளைவுகள் யாவை?

1890ஆம் ஆண்டு பெர்லினில் எமில் ஃபான் பேரிங், ஜப்பானைச் சேர்ந்த ஷிபாசாபுரோ கிட்டசாட்டோ ஆகிய இருவரும், நச்சுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட விலங்கின் சீரம் மற்றொரு விலங்கைக் காக்கும் என்று நிறுவினர். அவர்கள் ஆராய்ந்தவையும் இரண ஜன்னியும் தொண்டை அடைப்பானுமே. 1894இல் பாரிஸில் எமில் ரூ குதிரைச் சீரத்தைக் கொண்டு ஏராளமான குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தார். மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு 1901இல் பேரிங்குக்கு வழங்கப்பட்டது. பெரிய உடலும் மிகுந்த இரத்தமும் கொண்டு, மனிதருடன் பழகும் விலங்கு என்பதால் குதிரை தேர்ந்தெடுக்கப்பட்டது. தொண்டை அடைப்பானுக்கு இன்றளவும் குதிரைச் சீரமே நடைமுறையில் உள்ளது.

அதே 1901இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், இரண ஜன்னி கண்ட ஒரு குதிரையின் சீரம் தவறுதலாக விநியோகிக்கப்பட்டு 13 குழந்தைகள் இறந்தனர். அடுத்த ஆண்டே அந்நாட்டில் இத்தகைய மருந்துகளுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று ஒவ்வொரு தொகுதி மருந்தும் தூய்மைக்கும் வீரியத்திற்கும் சோதிக்கப்பட்ட பின்னரே வெளியிடப்படுகிறது.

தூய்மையான மருந்தாயினும் அது வேற்று விலங்கின் புரதம் என்பதால் உடல் எதிர்வினை காட்டக்கூடும். சில நிமிடங்களில் உடல் முழுவதும் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியன தோன்றினால் அது கடும் ஒவ்வாமை. அதற்கான அட்ரினலின் அருகிலேயே ஆயத்தமாக வைக்கப்பட்டிருக்கும். இம்மருந்தை மருத்துவமனையில் மட்டுமே செலுத்துவதற்கு அதுவே காரணம். மற்றொன்று மெதுவாக வருவது. மருந்து செலுத்திய ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் கழித்துக் காய்ச்சல், அரிப்புடன் கூடிய தடிப்பு, மூட்டு வலி ஆகியவை ஏற்படலாம். இது சீர நோய் எனப்படும். நோய் திரும்பிவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் எளிய சிகிச்சையில் குணமாகும். ஆனால் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண ஜன்னி: எந்தக் காயத்திற்கு இரண்டு ஊசிகள்?

இரண ஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் வாழ்கின்றன. துருப்பிடித்த ஆணியால் மட்டுமே இந்நோய் வரும் என்று கருத வேண்டாம். முள் குத்திய சிறு துளை, தீக்காயம், வயல் வேலையில் ஏற்பட்ட வெட்டு ஆகியவற்றின் வழியாகவும் வரும். காயத்தின் மேல் சாணம், மண், காபித்தூள் ஆகியவற்றை வைக்காதீர்கள். ஓடும் நீரிலும் சோப்பிலும் நன்கு கழுவுவதே முதலுதவி.

இதற்கான எதிர்ப்பொருள் மருந்து இரண ஜன்னி இம்யூனோகுளோபுலின் எனப்படும். தடுப்பூசி பெற்ற மனிதர்கள் கொடையளித்த இரத்தத் திரவத்திலிருந்து இது பிரித்தெடுக்கப்படுகிறது. எனவே சீர நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. தடுப்பு நோக்கில் வழக்கமான அளவு 250 அலகு. இது பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒன்றே. காயம் பட்டு ஒரு நாளுக்கு மேலாகிவிட்டாலோ அழுக்கு மிகுந்திருந்தாலோ 500 அலகு தரப்படுவதும் உண்டு.

யாருக்கு இது தேவை என்பது இரு கேள்விகளைப் பொறுத்தது: காயம் எத்தகையது? வாழ்நாளில் இதுவரை எத்தனை தடுப்பூசிகள் போடப்பட்டுள்ளன? அழுக்கு படிந்த அல்லது ஆழமான காயமாக இருந்து, மூன்று தவணைகளுக்குக் குறைவாகவே போட்டிருந்தாலும், போட்டது நினைவில் இல்லையென்றாலும் தடுப்பூசி, இம்யூனோகுளோபுலின் ஆகிய இரண்டும் தேவை. இரண்டும் வெவ்வேறு இடங்களில் செலுத்தப்படும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தவணைகள் போட்டவருக்குப் பொதுவாக இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. அத்தகைய காயத்தில் கடைசி ஊசிக்குப் பின் 5 ஆண்டுகள் கடந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதும். அட்டை இல்லையென்றால் மருத்துவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். குழந்தைப் பருவத்தில் தடுப்பூசித் திட்டம் எட்டாத முதியோர் பலர் நம் வீடுகளில் உள்ளனர். காயம் படும்போது அவர்களையே முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

தாடை இறுகி வாய் திறக்க இயலாமை, விழுங்க முடியாமை, முதுகு வில்போல் வளைதல், ஒலிக்கும் ஒளிக்கும் உடல் வெட்டி இழுத்தல் ஆகியவை தோன்றிவிட்டால் நச்சு நரம்புக்குள் சென்றுவிட்டது என்று பொருள். அப்போதும் இம்யூனோகுளோபுலின் செலுத்தப்படும். எஞ்சிய நச்சினை அது மட்டுப்படுத்தும். ஆனால் உள்ளே சென்றதை மீட்க இயலாது. புதிய நரம்பு முனைகள் வளரும் வரை, பல வாரங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேரிடலாம்.

இயற்கை செய்யும் எதிர்ப்பொருள் மாற்றமும் உண்டு. கர்ப்பிணித் தாய் டி.டி. தடுப்பூசி போட்டுக்கொள்ளும்போது, அவரது உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடைகின்றன. தொப்புள்கொடி வழியாக வரும் இரண ஜன்னியிலிருந்து பச்சிளங்குழந்தையைக் காப்பது அதுவே. சுகாதாரமான பிரசவமும் இத்தடுப்பூசியும் சேர்ந்ததால், 2015இல் இந்தியாவில் தாய் சேய் இரண ஜன்னி ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

மற்ற பாக்டீரியா நோய்களுக்கு?

கெட்டுப்போன டப்பா உணவின் வழியாக வரக்கூடிய பாட்டுலிசம் என்னும் பக்கவாத நோய்க்கும் நச்சுமுறிவு மருந்து உண்டு. ஆந்த்ராக்ஸ் நோய்க்கு ஆய்வகத்தில் வடிவமைக்கப்பட்ட எதிர்ப்பொருள்கள் 2012 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டுள்ளன. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்குக் கட்டுப்படாத மருத்துவமனைக் கிருமிகள் சிலவற்றுக்கும் எதிர்ப்பொருள்கள் ஆராயப்பட்டு வருகின்றன. ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிக்கு எதிரான சில முயற்சிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. எல்லாத் தொற்றுக்கும் எதிர்ப்பொருள் ஊசி கிடைக்கும் என்று விளம்பரம் செய்வோரை நம்பி ஏமாற வேண்டாம்.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

தடுப்பூசி அட்டையை உடன் கொண்டு செல்லுங்கள். நோய் எந்த நாளில், எந்த அறிகுறியுடன் தொடங்கியது என்பதைச் சரியாகக் கூறுங்கள்; மருந்தின் அளவு அதனைப் பொறுத்தது. மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது, செலுத்தப்பட்ட மருந்தின் பெயரும் நாளும் சிகிச்சைக் குறிப்பில் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். எதிர்காலத்தில் பாம்புக்கடி போன்ற நிலையில் மீண்டும் குதிரைச் சீரம் தேவைப்பட்டால் அக்குறிப்பு பயன்படும். இரண ஜன்னி இம்யூனோகுளோபுலின் பெற்ற குழந்தைக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியை 3 மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் அதைத் தெரிவியுங்கள்.

தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட், 16 முதல் 24 மாதங்களிலும் 5 முதல் 6 வயதிலும் டி.பி.டி., 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி ஆகியவை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடப்படுகின்றன. இப்போது போடப்படும் டி.டி. ஊசியில் இரண ஜன்னியுடன் தொண்டை அடைப்பானுக்கான தடுப்பும் சேர்ந்துள்ளது. பள்ளியில் 10 வயது ஊசி போடப்படும் நாளில் உங்கள் குழந்தை விடுப்பில் இருந்திருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதனைப் போட்டுக்கொள்ளலாம்.